தோக்கவெச்சே ஆளாக்குற வித்தை

"யார் ஜெயிக்கணும்னு முன்னாடியே பேசி வெச்சுட்டுத்தானே ரிங்குக்குள்ள வர்றாங்க? அதைப் போய் என்னத்தப் பார்க்கிறது?"

ரெஸ்லிங் பார்க்கிற எல்லாரும் இந்தக் கேள்வியைத் தாண்டித்தான் வந்திருப்பாங்க. கேட்கிறவங்க பதிலுக்காகக் கேட்கிறதில்ல, அதுதான் எரிச்சல். ஆனா நல்ல பதில் ஒண்ணு இருக்கு.

ஆமா, பேசி வெச்சுட்டுத்தான் வர்றாங்க. அதனாலதான் வேலையே கஷ்டம். கிரிக்கெட்ல 19 வயசுப் பையன் ஒருத்தன் முதல் மேட்ச்சுலயே செஞ்சுரி அடிச்சான்னா, அன்னைக்கு ராத்திரியே ஊரெல்லாம் அவன் பேருதான். ரெஸ்லிங்ல யாரும் அப்படித் தானா பெரிய ஆளாக முடியாது. அவன்கிட்ட யார் தோக்கணும், எப்போ தோக்கணும், அதுக்கு முன்னாடி அவன் எத்தனை தடவை அடி வாங்கணும்னு யாரோ உட்கார்ந்து யோசிக்கணும். ஜெயிச்சதா அறிவிச்சுடலாம், கூட்டம் நம்பணுமே? "இவன் என்ன பெரிய ஆளா"ன்னு உதட்டைப் பிதுக்கிட்டா, பெல்ட்டைத் தூக்கித் தோள்ல போட்டாலும் ஒண்ணும் ஆகாது.

இதை நம்ம கண்ணு முன்னாடியே செஞ்சு காட்டின ஒரு கம்பெனி இருக்கு. ஆல் எலைட் ரெஸ்லிங். சுருக்கமா ஏ.இ.டபிள்யூ.

2019 ஜனவரி 1-ம் தேதி அறிவிச்சாங்க. பணம் போட்டு நடத்துறது டோனி கான். (ஜாக்சன்வில் ஜாகுவார்ஸ், ஃபுல்ஹாம் ரெண்டு டீமுக்கும் ஓனரான ஷாஹித் கானோட மகன்.) அவர்கூட கோடி ரோட்ஸ், கென்னி ஒமேகா, யங் பக்ஸ் அண்ணன் தம்பி ரெண்டு பேரும் சேர்ந்தாங்க. 2001-ல டபிள்யூ.சி.டபிள்யூ. கம்பெனியை எதிராளியே விலைக்கு வாங்கினதுக்கப்புறம், அமெரிக்காவுல டபிள்யூ.டபிள்யூ.இ.க்குச் சரிக்குச் சமமா நிக்க ஆளே இல்லாம இருந்துச்சு. அந்த இடத்துக்குத்தான் இவங்க வந்தாங்க.

வந்தவங்ககிட்ட பெரிய பேருன்னா கிறிஸ் ஜெரிக்கோ மாதிரி சிலர்தான். மத்தவங்கள்ல பாதிப்பேரை டிவியில பார்க்கிற சனத்துக்குத் தெரியாது. வாரா வாரம் ரெண்டு மணி நேரம் லைவா நிகழ்ச்சி போடணும். பழைய முகத்தை மட்டும் வெச்சு ஓட்டினா ரெண்டு வருஷம் தாங்கும், அதுக்கு மேல?

இந்த இடத்துல பழைய கதை ஒண்ணு சொல்லியே ஆகணும். 1960-ல வெர்ன் காக்னேன்னு ஒருத்தர் மினியாபொலிஸ் பக்கம் ஏ.டபிள்யூ.ஏ. கம்பெனியை ஆரம்பிச்சார். நல்ல வீரர், நல்ல வாத்தியாரும்கூட. ஆனா முதலாளியும் அவரே, சாம்பியனும் அவரே. 1981-ல ஓய்வு பெறும்போதும் பெல்ட் அவர் இடுப்புலதான் இருந்துச்சு. அவர்கிட்ட ஹல்க் ஹோகன் இருந்தார். கூட்டம் ஹோகனுக்காகக் கூரையைப் பிச்சுக்கிட்டுக் கத்துச்சு. ஆனா நிலையா பெல்ட்டைக் கொடுக்க காக்னேவுக்கு மனசு வரல. 1983 கடைசியில ஹோகன் கிளம்பிட்டார். 1984 ஜனவரியில அயர்ன் ஷேக்கைத் தோற்கடிச்சு டபிள்யூ.டபிள்யூ.எஃப். (இப்போ டபிள்யூ.டபிள்யூ.இ.) சாம்பியன். அதுக்கப்புறம் அந்தக் கம்பெனி எங்க போச்சுன்னு உலகத்துக்கே தெரியும். காக்னேவோட கம்பெனி 1991-ல மூடிட்டாங்க.

ஏ.இ.டபிள்யூ.ல கோடி ரோட்ஸ் இதுக்கு நேரெதிரா ஒண்ணு செஞ்சார். அப்போ அவரும் நிர்வாகி, அவரும் வீரர். 2019 நவம்பர் 9-ம் தேதி ஜெரிக்கோகூட மோதும்போது, "இதுல தோத்தா இனிமே உலக பெல்ட்டுக்குப் போட்டியே போட மாட்டேன்"னு நிபந்தனை வெச்சார். தோத்தார். பெரிய பெல்ட்டுக்கான கதவைத் தானே சாத்திக்கிட்டார். அதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அவர் பக்கத்துல நிறுத்தினது பெரும்பாலும் சின்னப் பசங்களைத்தான்.

முதல்ல டார்பி ஆலின்.

ஒல்லியான உடம்பு. முகத்துல பாதிக்கு மட்டும் மண்டை ஓடு மாதிரி பெயின்ட். சின்ன வயசுல அவர் போன கார் விபத்துக்குள்ளாகி மாமா இறந்துட்டார். அன்னைக்கு தன்னுள்ள பாதி செத்துப்போச்சுன்னுதான் அந்தப் பாதி முகம். ஸ்கேட்போர்டு பையன். கறுப்பு வெள்ளையில குட்டிக் குட்டிப் படங்களாத் தானே எடுத்து, அதுலயே எதிராளிக்குச் சவால் விடுவார். அவரோட ஸ்பெஷல் அடிக்கு 'காஃபின் டிராப்'னு பேரு. மேல்கயித்துல ஏறி, எதிராளிக்கு முதுகைக் காட்டி நின்னு, அப்படியே பின்னாடி சாஞ்சு விழுவார். கீழ யாரு இருக்காங்க, இல்லன்னு பார்க்கவே முடியாது.

2019 ஜூன் 29, ஃப்ளோரிடாவுல டேடோனா பீச். ஏ.இ.டபிள்யூ.ல டார்பியோட முதல் மேட்ச், கோடிகூட. 20 நிமிஷம்தான் கெடு. நடுவுல கோடி ரிங்கோட விளிம்புல கிடக்கும்போது டார்பி அந்தக் காஃபின் டிராப்பைப் போடுறார். கோடி நகர்ந்துட்டார். டார்பியோட முதுகு நேரா அந்தக் கட்டை விளிம்புல போய் விழுது. அந்த வீடியோவை இப்போ பார்த்தாலும் உடம்பு ஒரு தடவை சிலிர்க்கும். அவ்வளவுதான், முடிஞ்சுதுன்னு எல்லாரும் நினைக்கிறாங்க. பையன் எழுந்திரிச்சுட்டான். கெடு முடிஞ்சு மணியடிச்சப்ப, யாரும் ஜெயிக்கல, யாரும் தோக்கல.

யோசிச்சுப் பாருங்க. கோடியை அன்னைக்கே தோக்கவெச்சிருந்தா "ஏதோ அதிர்ஷ்டம்"னு போயிருப்பாங்க. டார்பியைத் தோக்கவெச்சிருந்தா "வந்தான், போனான்". டிரா போட்டதால, அரங்கத்தை விட்டு வெளிய வந்தவங்க எல்லாரும் "யாருப்பா அந்தப் பையன்?"னு கேட்டுக்கிட்டே வந்தாங்க.

அதுக்கப்புறமும் அவசரப்படல. 2020 ஜனவரி 1 மேட்ச்ல டார்பி கோடிகிட்ட தோத்தார். அந்த ஏப்ரல்ல, உலக பெல்ட்டுக்குக் கீழ இருக்கிற டி.என்.டி. பெல்ட்டுக்கான போட்டியில, அரையிறுதியில மறுபடியும் கோடிகிட்டயே தோத்தார். 2020 நவம்பர் 7-ம் தேதி அதே பெல்ட்டுக்கு அதே கோடியை ஜெயிச்சார். டிராவுல ஆரம்பிச்ச கதை வெற்றியில முடிய 16 மாசத்துக்கு மேல ஆச்சு. அந்த வெற்றியை யாரும் அதிர்ஷ்டம்னு சொல்ல முடியல.

இது ஏ.இ.டபிள்யூ. கண்டுபிடிச்சதும் இல்ல. 1988 மார்ச் 27, வட கரோலினாவுல கிரீன்ஸ்பரோ. அன்னைக்கு உலக சாம்பியன் ரிக் ஃப்ளேர். எதிர்ல, அப்போதான் மேல வந்துக்கிட்டிருந்த ஸ்டிங். 45 நிமிஷக் கெடு. ஃப்ளேர் அந்த 45 நிமிஷமும் ஸ்டிங்கைத் தூக்கித் தூக்கிக் காட்டினார். ஸ்டிங்கோட அடியில சுருண்டு விழுந்தார், கெஞ்சினார், ஓடினார். மேட்ச் டிரா. ஃப்ளேரோட பெல்ட் எங்கயும் போகல. ஆனா மறுநாள் ஸ்டிங் பெரிய ஸ்டார்.

(அண்டர்டேக்கர், கேன்னு ட்ரம்ப் கார்டு வெச்சு விளையாடின நம்ம ஊர் ஆளுங்களுக்கு ஸ்டிங் அவ்வளவா பழக்கம் இல்ல. அவர் எதிர்க் கம்பெனியில இருந்தவர். தெரியாதவங்க அந்த 1988 மேட்ச்சைத் தேடிப் பாருங்க.)

அதே ஸ்டிங், கழுத்துல அடிபட்டு ஓய்வு பெற்றவர், 2020 டிசம்பர்ல ஏ.இ.டபிள்யூ.க்கு வந்தார். வயசு 61. பழைய ஸ்டார் வந்தா வழக்கமா என்ன நடக்கும்? நேரா மேல ஏத்தி, இருக்கிற பசங்களை எல்லாம் அவர்கிட்ட அடி வாங்க வைப்பாங்க. இங்க அவரை டார்பி பக்கத்துல நிறுத்தினாங்க. மூணு வருஷத்துக்கு மேல ரெண்டு பேரும் ஜோடி. ஸ்டிங்கைப் பார்க்க வந்தவங்க எல்லாரும் டார்பியையும் பார்த்தாங்க. 2024 மார்ச் 3-ம் தேதி ஸ்டிங்கோட கடைசி மேட்ச். அதே கிரீன்ஸ்பரோ அரங்கம்! ஃப்ளேரும் அங்க இருந்தார். அந்த மேட்ச்ல டார்பி உயரமான ஏணி மேல இருந்து கண்ணாடிப் பலகை மேல முதுகால விழுந்தார். முதுகெல்லாம் கீறி ரத்தம். ஜெயிச்சது ஸ்டிங், டார்பி ஜோடி.

அந்தக் கண்ணாடியைப் பத்தி ஒண்ணு சொல்லணும். பசங்களை வளர்க்கிறதுன்னா உடம்பை உடைச்சுக்க விடுறதுன்னு அர்த்தமில்ல. டார்பி தானா விரும்பித்தான் செய்றார். மத்தவங்க சொல்லிக் கேட்கிற ஆளும் இல்ல. (2025 மே மாசம் எவரெஸ்ட் உச்சிக்கே ஏறிட்டு வந்தவர்.) ஆனா பெரியவங்க "வேண்டாம்பா"ன்னு சொல்ல வேண்டிய இடம்னு ஒண்ணு இருக்கு. அந்தக் கண்ணாடி அந்த இடம்.

ஜங்கிள் பாய்க்கு வேற வழி. நடிகர் லூக் பெர்ரியோட மகன், நிஜப் பேர் ஜாக் பெர்ரி. 2019-ல வயசு 22. தலைமுடியும் ஆளும் பார்க்க ஸ்கூல் பையன் மாதிரி. அந்த டிசம்பர்ல ஜெரிக்கோ, அப்போ உலக சாம்பியன், ஒரு சவால் விட்டார்: "என்கூட பத்து நிமிஷம் தாக்குப்பிடிச்சுப் பாரு." பெல்ட் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பத்து நிமிஷம், அவ்வளவுதான். பையன் தாக்குப்பிடிச்சான். மணி அடிச்சதும் கூட்டம் சாம்பியன்ஷிப்பே ஜெயிச்ச மாதிரி எகிறிக் குதிச்சுச்சு. ஒரு பையன் எவ்வளவு தூரம் போனா அது அவனுக்குப் பெரிசுன்னு கம்பெனி சரியா அளந்து வெச்சிருந்துச்சு. ஜெயிக்க வேண்டியதில்ல, நின்னாப் போதும்.

அப்புறம் எம்.ஜே.எஃப். மேக்ஸ்வெல் ஜேக்கப் ஃப்ரீட்மேன். நியூயார்க் லாங் ஐலண்ட் பையன், கம்பெனி ஆரம்பிச்சப்ப 22 வயசு. கழுத்துல பர்பரி மஃப்ளர், வாயைத் திறந்தா திமிர்.

வில்லனை வளர்க்கிறதுதான் ரொம்பக் கஷ்டம்னு தோணுது. ஹீரோ தோத்தா பரிதாபம் வரும். வில்லன் தோத்தா "வேணும்டா உனக்கு"ன்னு முடிஞ்சுபோயிடும். அதனால அவனை வெறுக்கிற அளவுக்கு ஒரு காரணம் வேணும். கோடிக்கு ஜெரிக்கோகூட நடந்த அந்த மேட்ச்ல, கோடி மூலையில நண்பனா நின்னது எம்.ஜே.எஃப்.தான். நண்பனைக் காப்பாத்துற மாதிரி டவலைத் தூக்கிப் போட்டு, மேட்ச்சையே தோக்கடிச்சார். அப்புறம் கோடிக்கு ஒரு உதை. பழிவாங்க மேட்ச் வேணும்னு கோடி கேட்டப்ப எம்.ஜே.எஃப். மூணு நிபந்தனை வெச்சார். மேட்ச் நாள் வரைக்கும் என்னைத் தொடக்கூடாது. என் பாடிகார்டு வார்ட்லோவைக் கூண்டுக்குள்ள ஜெயிக்கணும். டிவியில எல்லாரும் பார்க்க என்கிட்ட பெல்ட்டால பத்து அடி வாங்கணும்.

2020 பிப்ரவரி 5-ம் தேதி அந்தப் பத்து அடி விழுந்துச்சு. மல்யுத்தம்னு எதுவும் இல்ல. ஒருத்தர் சட்டையில்லாம நிக்கிறார், இன்னொருத்தன் இடுப்பு பெல்ட்டை உருவி முதுகுல அடிக்கிறான். ஒவ்வொரு அடிக்கும் முதுகுல சிவப்பா வரி விழுது. அவ்வளவையும் தாங்கிட்டு கோடி மேட்ச்சுக்கு வந்தார். அந்த மாசம் 29-ம் தேதி நடந்த மேட்ச்ல வைரமோதிரக் கையால குத்தித் தோக்கடிச்சார் எம்.ஜே.எஃப். நிர்வாகியே முதுகைக் காட்டி நின்னாத்தான் ஒரு சின்னப் பையன் இவ்வளவு பெரிய வில்லனாக முடியும்.

ரெண்டு வருஷம் கழிச்சு பெரிய ஸ்டார் சி.எம்.பங்க்கூட மோதினப்ப எம்.ஜே.எஃப். எங்க வந்து நின்னார்னு தெரிஞ்சுது. 2022 பிப்ரவரியில ஒரு நாள் மைக்கைப் பிடிச்சு, சின்ன வயசுல தான் பங்க்கோட ரசிகன்னு சொன்னார். ரெண்டு பேரும் சேர்ந்து எடுத்துக்கிட்ட பழைய போட்டோ ஒண்ணு. யூதப் பையன்னு கூடப் படிச்சவங்க கேவலப்படுத்தினதைச் சொல்லும்போது குரல் உடையுது. அவ்வளவு நேரம் திட்டிக்கிட்டிருந்த கூட்டம் அமைதியாயிடுச்சு. அடுத்த வாரமே அந்த இரக்கத்தை வெச்சே பங்க்கை அடிச்சுப் போட்டார். மார்ச் 6-ம் தேதி, ரெண்டு பேர் கழுத்துலயும் நாய்ப்பட்டி, நடுவுல சங்கிலி. அதுல எம்.ஜே.எஃப். தோத்தார். தோத்தும் ஒரு மாத்துக் குறையல. 2022 நவம்பர்ல உலக சாம்பியன் ஆனப்ப வயசு 26.

பெண்கள் பக்கம் பிரிட் பேக்கர். நிஜமாவே பல் டாக்டர். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துல படிச்சு முடிச்சவர். முதல்ல நல்ல பொண்ணாத்தான் காட்டினாங்க. எடுபடல. 2020-ல வில்லியா மாத்தினாங்க, சட்டுன்னு ஒட்டிக்கிச்சு. கால்ல அடிபட்டு மோத முடியாம இருந்தப்பவும் வீல்சேர்ல உட்கார்ந்து பேசிப் பேசியே கூட்டத்தைப் பிடிச்சு வெச்சார். 2021 மார்ச் 17-ம் தேதி தண்டர் ரோசாகூட விதிமுறையே இல்லாத மேட்ச். அந்த ராத்திரியோட கடைசி மேட்ச். முகம் பூரா ரத்தம், பல்லு மட்டும் வெள்ளையாத் தெரிய சிரிச்சார் பிரிட். மேட்ச்ல தோத்தது அவர்தான்! ஆனா அன்னைக்கு ஸ்டார் ஆனதும் அவர்தான். மே மாசம் சாம்பியன்.

இதெல்லாம் பெரிய மேடை. அதுக்கு அடியில ஒரு நாத்தங்கால் இருந்துச்சு. 'டார்க்'னு யூடியூப்ல இலவசமா ஓடின நிகழ்ச்சி. 2019 அக்டோபர்ல ஆரம்பிச்சாங்க. கொரோனா வந்து அரங்கமெல்லாம் மூடினதும் கம்பெனியே ஜாக்சன்வில்ல டெய்லிஸ் பிளேஸ்ங்கிற திறந்தவெளி அரங்கத்துக்குள்ள முடங்குச்சு. ரசிகர்கள் இல்ல. வீரர்களே சுத்தி நின்னு கத்தினாங்க. அந்த நேரத்துல டார்க்ல மேட்ச் மேல மேட்ச்சாப் போட்டாங்க. ஒப்பந்தமே இல்லாத உள்ளூர்ப் பசங்க, அப்போதான் சேர்ந்தவங்க எல்லாரும் அங்க வந்தாங்க. லீ ஜான்சன்னு ஒருத்தர் அங்க மாசக்கணக்கா தோத்துக்கிட்டே இருந்தார். 2021 ஆரம்பத்துல கோடிகூட ஜோடி சேர்ந்து முதல் தடவையா ஜெயிச்சப்ப, அந்தத் தோல்வியை எல்லாம் பார்த்தவங்களுக்கு அது பெல்ட் மாதிரி.

ஹூக்கைப் பத்தி ரெண்டு வரி. பழைய வீரர் டாஸோட மகன். மாசக்கணக்கா மோதவே விடல. அப்பா கோஷ்டிக்குப் பின்னாடி சிப்ஸ் பாக்கெட்டோட நின்னுக்கிட்டிருப்பார், பேச மாட்டார். கூட்டமே "ஹூக்கை அனுப்பு"ன்னு கேட்க ஆரம்பிச்சுச்சு. 2021 டிசம்பர்ல அனுப்பினாங்க. பசிக்க வெச்சுப் போட்ட சாப்பாடு.

சரி, எல்லாம் நல்லாத்தான் நடந்துச்சான்னா, இல்ல.

2021 ஆகஸ்ட்ல பங்க் வந்தார். செப்டம்பர்ல பிரையன் டேனியல்சன், ஆடம் கோல். கூட்டம் பெருகுச்சு. ஆனா டிவி நேரம்னு ஒரு அளவு இருக்குதானே? பெரிய பேருங்க உள்ள வர வர, சின்னப் பசங்களோட நிமிஷம் குறைஞ்சுது. இதுல ரொம்பவே வருத்தப்பட வைக்கிறது வார்ட்லோ. ரெண்டரை வருஷம் எம்.ஜே.எஃப்.க்கு அடியாளா நின்னு, அவமானப்பட்டு, 2022 மே 29-ம் தேதி அவரைப் பத்து தடவை தூக்கித் தூக்கி ரிங்ல அடிச்சார். ஒவ்வொரு தடவைக்கும் கூட்டம் எண்ணுச்சு. ஜூலையில டி.என்.டி. பெல்ட். இவர்தான் அடுத்த பெரிய ஆள்னு நினைச்சோம். நவம்பர்ல சமோவா ஜோகிட்ட பெல்ட் போச்சு. 2023 மார்ச் 5-ம் தேதி திரும்ப வாங்கினார், மூணே நாள்ல பவர்ஹவுஸ் ஹாப்ஸ்கிட்ட மறுபடியும் தோத்தார். டார்பி தோத்தப்ப அடுத்து என்னன்னு கேட்க வெச்சாங்க. வார்ட்லோ தோத்தப்ப அடுத்து என்னன்னு கேட்கத் தோணவே இல்ல. ரெண்டும் தோல்விதான், ஆனா ரெண்டாவதுக்குப் பின்னாடி யாரும் உட்கார்ந்து யோசிக்கல.

ஜேட் கார்கில் கதை இன்னொரு விதம். அனுபவமே இல்லாம வந்தவர். 2021 மார்ச்ல முதல் மேட்ச். அதுக்கப்புறம் வெற்றி, வெற்றி, வெற்றி, ரெண்டு வருஷத்துக்கு மேல. பார்க்க அசத்தலா இருந்தார். ஆனா தோக்காத ஆளுக்குக் கதை எப்படி நகரும்? 2023 மே மாசம் முதல் தடவையா தோத்தார், அதே வருஷம் டபிள்யூ.டபிள்யூ.இ.க்குப் போயிட்டார். தோத்ததுக்கப்புறம்தான் அவர் கதையே ஆரம்பிச்சிருக்கணும்.

ஜப்பான்ல ஆல் ஜப்பான் கம்பெனியை நடத்தின ஜயன்ட் பாபா, இருக்கிற ஆளை வளர்த்தே ஆகணும்ங்கிற இன்னும் பெரிய நெருக்கடியைப் பார்த்தவர். 1990-ல முன்னணி வீரர் டென்ரியூ, அந்தக் கம்பெனியை விட்டு ஆளுங்களையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டார். பாபாகிட்ட ஆள் இல்ல. அந்த மே மாசம் மிசாவாங்கிற வீரர், டைகர் மாஸ்க்காப் போட்டிருந்த முகமூடியைக் கழட்டி எறிஞ்சார். ஜூன் 8-ம் தேதி புடோக்கான் அரங்கத்துல பெரிய ஸ்டார் ஜம்போ சுருட்டாவையே ஜெயிச்சார். செப்டம்பர்ல நடந்த ரெண்டாவது மேட்ச்ல சுருட்டா திருப்பி ஜெயிச்சார். மிசாவா கைக்கு உலக பெல்ட் வந்தது 1992 ஆகஸ்ட்லதான். மிசாவா, கவாடா, கோபாஷி, டவே நாலு பேரையும் 'நாலு தூண்'னு சொன்னாங்க. பின்னாடி எம்.ஜே.எஃப்., டார்பி, ஜங்கிள் பாய், சாமி குவேரா நாலு பேருக்கும் அதே பேரு ஒட்டினது அங்கிருந்துதான். (ஏ.இ.டபிள்யூ. டிவி நிகழ்ச்சியோட முதல் மேட்ச்ல, 2019 அக்டோபர் 2-ம் தேதி, கோடிகிட்ட தோத்தது இந்தச் சாமிதான்.) 2023 மே 28-ம் தேதி நாலு பேரும் உலக பெல்ட்டுக்காக ஒரே மேட்ச்ல மோதினாங்க. வெளிய வளர்ந்து வந்த ஸ்டார் ஒருத்தர்கூட அதுல இல்ல.

அதே 2023-லதான் டார்க்கை நிறுத்தினாங்க. சனிக்கிழமைக்குப் புதுசா 'கொலிஷன்'னு இன்னொரு நிகழ்ச்சி வந்துச்சு. டிவி நேரம் கூடுச்சு, தோத்துத் தோத்துக் கத்துக்கிற இடம் போச்சு. டிவியில தோத்தா லட்சக்கணக்கான பேர் கண்ணுல ஒரு தடவை சின்னதாயிடுவாங்க. டார்க்ல தோத்தா அடுத்த வாரமே திருத்திக்கலாம். இப்போ வர்ற பசங்களுக்கு அந்த அடுத்த வாரம் கிடைக்கிறதில்ல. டோனி கான்கிட்ட பணம் இருக்கு, ரிங் இருக்கு, சொல்லிக்கொடுக்க பழைய வீரர்களும் இருக்காங்க. யூடியூப்ல வாரத்துக்கு ஒரு மணி நேரம் போட்டாக்கூடப் போதும், அதுல பத்து நிமிஷக் கெடு வெச்ச மேட்ச் ஒண்ணு கட்டாயம் இருக்கணும். டார்க்கைத் திரும்பக் கொண்டு வாங்க.